சாணத்தில் ஓடும் குட்டி ஈயைப் படத்தை வைத்தே இனம் காண முடியுமா?

கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர்ப் புல்வெளியில் காட்டுமாட்டுச் சாணத்தின் மேல் எடுத்த மூன்று படங்களைப் போட்டு, ‘3 மி.மீ. கூட இல்லாத இந்தக் கறுப்பு ஈயின் பெயர் என்ன?’ என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பம் வரை சொல்லிவிடலாம். இனம் வரை போவது பெரும்பாலும் நடக்காது.

பின்னங்காலைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈயின் பாதத்தில் ஐந்து கணுக்கள் உண்டு. முதல் கணு குட்டையாக, உப்பினாற்போல், அடுத்ததைவிடத் தடித்திருந்தால் அது ஸ்ஃபீரோசெரிடே என்னும் சிறு சாண ஈக் குடும்பம். மற்ற ஈக்களில் அந்தக் கணு வழக்கமாக மெலிந்து நீண்டிருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. சாணத்துக்குப் பக்கத்தில் முழங்கையை ஊன்றிப் படுக்க வேண்டியதுதான். வெயில் ஏறுவதற்குள் போங்கள், குளிரில் ஈ மந்தமாக இருக்கும். உங்கள் முதல் இரண்டு படங்களிலும் இருப்பது இந்தச் சிறு சாண ஈதான்.

மூன்றாவது வேறு ஆள். ஒடுங்கிய இடுப்பு, எறும்புச் சாயல், இறக்கை நுனியில் கரும்புள்ளி: செப்சிடே என்னும் இன்னொரு ஈக் குடும்பம். இறக்கையை ஆட்டி ஆட்டி நடந்திருக்குமே? இதில் ஆணின் முன்தொடையில் உள்ள முட்களும் மேடுகளும் இனத்துக்கு இனம் மாறும். அது தெளிவாக விழுந்திருந்தால் கொஞ்சம் முன்னேறலாம்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ‘மஞ்சள் சாண ஈ’ என்று சொன்னால் நம்பாதீர்கள். அது மயிரடர்ந்த, ஒரு சென்டிமீட்டரை நெருங்கும் ஈ.

சிறு சாண ஈயில் இனம் தெரிய ஆண் ஈயை 70% ஆல்கஹாலில் போட்டு, பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். காட்டுப் பகுதியில் பிடிப்பதென்றால் முதலில் வனத்துறை அனுமதி.