சிங்கப்பூர் – நியூயார்க்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

கேள்வி: சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் 15,349 கி.மீ. என்று இணையத்தில் போட்டிருக்கிறது. இருக்கைத் திரையில் பறந்த தூரம் 16,500ஐத் தாண்டியது. எது சரி?

பதில்: இரண்டுமே சரி. முதலாவது, பூமியின் மேல் மிகக் குறுகிய வழி. அதை நீங்களே கணக்கிடலாம். சாங்கி 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, கென்னடி 74 டிகிரி மேற்கில். கூட்டினால் 178, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அதனால் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். சாங்கியின் அட்சரேகை 1.35, அங்கிருந்து துருவத்துக்கு 88.65 டிகிரி. கென்னடியின் அட்சரேகை 40.64, துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36. ஆக மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வைத்துப் பெருக்குங்கள், சுமார் 15,346 வருகிறது. பூமி முழு உருண்டை இல்லை என்பதால் சில கிலோமீட்டர் முன்பின் ஆகும். சுவர் வரைபடத்தில் இந்த வழி தெரியவே தெரியாது. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் பைக்கால் ஏரிப் பக்கமாக ஏறி, துருவத்தைத் தொட்டு, கனடா வழியாக இறங்குவது தெரியும்.

ஆனால் விமானத்துக்குக் குறைந்த தூரத்தைவிடக் குறைந்த நேரமும் எரிபொருளும்தான் முக்கியம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று சில நாள்களில் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல் போகும். காற்றில் 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானம், 150 கி.மீ. காற்று பின்னால் தள்ளினால் தரைக்கணக்கில் 1,050 போகும். அதுவே எதிர்த்து வீசினால் 750தான். அதனால் நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழி. திரையில் நீங்கள் பார்த்த கூடுதல் தூரம் இதனால்தான். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வரும் நாள்களும் உண்டு. அதாவது போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு! வழியை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: பயணச்சீட்டில் இரவு 11.35 புறப்பாடு, மறுநாள் காலை 5.30 வருகை என்றிருக்கிறது. ஆறு மணி நேரத்தில் எப்படி?

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். நீங்கள் கிளம்பும்போது அங்கே அதே நாள் காலை 10.35. அங்கிருந்து மறுநாள் 5.30 வரை எண்ணுங்கள்: 18 மணி 55 நிமிடம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 12 மணி நேரம்தான். பலர் தவறுவது இங்கேதான். பயணச்சீட்டுப்படி வரும் இந்தப் பயண நேரம் விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்குப் போகவும் இறங்கி வரவும் ஆகும் நேரமும் இதில் அடக்கம்.

மற்ற ஊர்களுக்குப் பயண நேரத்தைத் தோராயமாகப் பார்க்க, குறுகிய தூரத்தை (கி.மீ.) 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். எதிர்க்காற்று வழியென்றால் இன்னும் ஒரு மணி நேரம்வரை சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இதற்குத் தனி விமானமா?

பதில்: ஆம், ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை. சாதாரண ஏ350-900 கொள்ளும் 1,41,000 லிட்டருக்குப் பதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் ஏற்றும். எடையைக் குறைக்க இருக்கைகள் 161 மட்டுமே. எகானமி வகுப்பே கிடையாது.