இருவருக்கும் சுக்கான் பிடிக்கத் தெரிய வேண்டும்

கேள்வி: நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் ஆயர் தாவாரில் இருக்கிறோம். கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார், நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. போன பள்ளி விடுமுறைக்கு லங்காவி போனபோது பாய்மரப் படகில் இரண்டு மணி நேரம் சுற்றினோம். அன்றிலிருந்து இருவருக்கும் அதே நினைப்புதான். அவர் பக்கத்துக் கடற்கரை ஊரான லூமுட்டில் பாய்மரம் ஓட்டக் கற்கத் தொடங்கிவிட்டார். தனக்கு நன்றாக வந்ததும் எனக்குச் சொல்லித் தருவதாகச் சொல்கிறார். இரண்டு முறை கூடப் போனேன், இரண்டும் சண்டையில் முடிந்தன. எனக்கு நீச்சலும் அரைகுறை. பழைய படகு ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? எங்கள் ஒன்பது வயது மகளையும் ஏற்றலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே வரி: “தனக்கு நன்றாக வந்ததும் எனக்குச் சொல்லித் தருவார்.” தயவுசெய்து அவரிடம் கற்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நீங்கள் தனியாக ஒரு பயிற்சியாளரிடம், தனிப் படகில் கற்றுக்கொண்டு வாருங்கள். அதற்கப்புறம் இருவரும் ஒரே படகில் ஏறலாம்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர்தான் எனக்குப் பாய்மரம் பழக்கினார். மூன்று வருடம் முன்பாயின் கயிற்றை இழுப்பதும் விடுவதும் மட்டுமே என் வேலையாக இருந்தது. படகைத் திருப்பும் சுக்கான் எப்போதும் அவர் கையில். ஒரு நாள் பங்கோர் தீவுக்குத் தெற்கே, சிக்கிய கயிற்றை எடுக்க அவர் முன்னால் போனார். படகு ஒரு அலையில் தூக்கிப் போட்டது, அவர் தண்ணீரில் விழுந்துவிட்டார். படகு என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. திருப்ப எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வலை போட்டிருந்த மீனவர் ஒருவர்தான் அவரைத் தூக்கினார். அன்று அந்த மனிதர் அங்கே இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

நான்கு பேர் போகிற படகில் ஒருவர் விழுந்தால் ஒருவர் ஓட்டலாம், ஒருவர் விழுந்தவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒருவர் கயிறு எறியலாம். கணவன் மனைவி மட்டும் போகும்போது மிஞ்சுவது ஒரே ஆள். அந்த ஒரே ஆள் இது அத்தனையும் செய்ய வேண்டும். அதனால் “அவர் ஓட்டட்டும், நான் உதவியாக இருக்கிறேன்” என்ற ஏற்பாடு நிலத்தில் எத்தனை குடும்பங்களுக்கு ஒத்துவந்தாலும் கடலுக்கு ஒத்துவராது.

செய்ய வேண்டியது இதுதான். விழுந்தவர் பக்கம் மிதக்கும் பொருள் ஏதாவது ஒன்றை உடனே எறியுங்கள். பிறகு காற்று பக்கவாட்டில் வரும்படி வைத்து ஓட்டி, ஏழெட்டுப் படகு நீளம் விலகிப் போங்கள். அங்கே அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றைக் கடக்கும்படி திருப்புங்கள். பின்பக்கம் காற்றைக் கடக்கும்படி திருப்பினால் பெரிய பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி அடிக்கும், தனியாக இருக்கும்போது அந்த ஆபத்து வேண்டாம். திரும்பி வரும்போது, விழுந்தவர் இருக்கும் இடத்தைவிடச் சற்றுக் கீழே, காற்று போகிற பக்கமாக இறங்குங்கள். அங்கிருந்து காற்றை நோக்கிச் சாய்வாக ஏறி, அவரை நெருங்கும்போது பாய்க்கயிறுகளை முழுக்க விட்டுவிடுங்கள். பாய் படபடக்கும், படகு நிற்கும். சிறு படகில், காற்று வருகிற பக்கமாக அவரை ஏற்றுங்கள். மறுபக்கமாக ஏற்றினால் படகு அவர்மேலேயே சாயக்கூடும். இவ்வளவு நேரமும் கண் அவர் தலையை விட்டு அகலக் கூடாது. அலைக்குள் ஆளின் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும்.

இதைப் பழக ஆள் விழ வேண்டியதில்லை. ஐந்து லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பாதி நிரப்பி, மூடி இறுக்கிக் கடலில் போடுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை எடுங்கள். எடுப்பவருக்கு மற்றவர் வாயைத் திறந்து ஒரு யோசனையும் சொல்லக் கூடாது. பத்துக்கு எட்டு முறை போத்தல் உங்கள் கைக்கு வருகிறது என்றால், நீங்கள் இருவர் மட்டும் போகத் தயார்.

சண்டையைப் பற்றி. படகில் கத்துவது பெரும்பாலும் கோபத்தால் அல்ல. காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், பின்னால் இருப்பவர் சொல்வது முன்னால் இருப்பவருக்குக் கேட்காது, அதனால் குரல் உயரும். கேட்பவர் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் இதைச் சரி செய்தது மூன்று பழக்கம். கரையிலேயே சொற்களை முடிவு செய்துகொள்வோம்: “திருப்பட்டுமா?” என்று கேட்டுவிட்டு, “சரி” என்று பதில் வரும்வரை திருப்பமாட்டோம். சுக்கான் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்தான் சொல். ஆனால் “விடு” என்று இருவரில் யார் சொன்னாலும் பாய்க்கயிற்றை விட்டுவிட வேண்டும், காரணத்தை அப்புறம் கேட்கலாம். கயிற்றை விட்டால் படகு நிமிர்ந்து வேகம் குறையும். யார் தப்பு என்கிற பேச்சை, கரைக்கு வந்து டீ குடித்த பிறகுதான் எடுப்போம். பாதி நாள் அதற்குள் அது மறந்துபோயிருக்கும்.

இன்னொன்று. சுக்கான் பிடிக்கக் கை பலம் தேவையில்லை, பாயையும் தண்ணீரையும் பார்க்கிற பொறுமை வேண்டும். ஒலிம்பிக்கில் நாக்ரா 17 படகு 2016 ரியோவிலிருந்தும், 470 படகு 2024 பாரிஸிலிருந்தும் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டும் போட்டிகளாக இருக்கின்றன. சுக்கான் யார் பிடிப்பது என்பதை ஒவ்வொரு ஜோடியும் தானே முடிவு செய்கிறது. உங்கள் வீட்டுக்காரர் கனமானவர் என்றால், அவர் வெளியே சாய்ந்து படகை நிமிர்த்த, நீங்கள் ஓட்டுவதுதான் இன்னும் பொருத்தம்.

நீச்சலில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். ஆற்றிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பயத்தில் நம் தாய்மார்கள் நம்மைத் தண்ணீர் பக்கமே விடவில்லை. அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அதனால் ஒரு தலைமுறைக்கே நீச்சல் தெரியாமல் போனது. சட்டை, கால்சட்டையோடு 50 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் வரட்டும். உயிர்காப்பு அங்கி வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் நியூட்டன் எண்ணை, அதாவது அது மிதக்க வைக்கும் விசையைப் பாருங்கள். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்திலேயே இருக்கும் இடத்துக்கு. மயங்கிய ஆளை அது முகம் மேலே வரும்படி புரட்டாது. இப்போதைய நிலையில் உங்களுக்கு 100 போட்டதுதான் வேண்டும். தொடைக்கு நடுவே வரும் வாரையும் மாட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி காதுவரை ஏறிவிடும்.

கடலைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். லூமுட்டுக்கு முன்னால் பங்கோர் தீவு படுத்துக்கொண்டு மேற்கு அலையைத் தடுக்கிறது. ஆனால் பெர்ரியும் கடற்படைக் கப்பலும் போகிற வழி அது. பாய்மரப் படகுக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்பது பொது விதி. குறுகிய கால்வாயில், அதை விட்டு விலக முடியாத கப்பலை மறிக்கக் கூடாது என்பதும் விதிதான். விலகிப் போங்கள். ஏற்றமும் வற்றமும் மாறுகிற ஆறு மணி நேரத்தில் மூன்றாவது, நான்காவது மணியில்தான் இழுப்பு அதிகம். காற்று இல்லாத நாளில் அந்த நேரத்தில் வற்றத்தோடு வெளியே போனால் திரும்பி வருவது கஷ்டம்.

வானத்தை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். என் அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்க மரம் சீவியவர். விடியற்காலை மேற்கே கறுத்து, திடீரென்று குளிர்ந்த காற்று வீசினால், இன்றைக்கு வேலை இல்லை என்று வாளியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அது சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் புயற்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். சில நிமிடங்களில் காற்றின் வேகம் 40 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக்கூடும், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர். புதியவர்களுக்கு 8 முதல் 12 நாட் காற்று போதும். கடலில் ஆங்காங்கே வெண்நுரை தெரிந்தால் கவனமாக இருங்கள், எங்கு பார்த்தாலும் நுரை என்றால் போகாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடலில் உயரமான பொருள் உங்கள் பாய்மரம்தான், உடனே கரைக்கு வாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை நம் மேற்குக் கரைக்கு நல்ல காலம். பள்ளி விடுமுறையைப் பார்த்து அப்போது தொடங்குங்கள்.

படகை இப்போது வாங்காதீர்கள். ஒரு வருடம் பயிற்சி இடத்துப் படகுகளிலேயே ஓட்டுங்கள். நம் வெயில் பாய்த்துணியை அரித்துவிடும், நகத்தால் கீறினால் நார் பிரிகிற பாய்க்கு எந்த விலையும் அதிகம். ஹோபி 16 மாதிரி இரட்டை உடல் படகாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். அதில் நடுப்பலகை, அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை, இல்லாததால் மணலில் நேராக ஏற்றலாம் என்பது உண்மை. ஆனால் கவிழ்ந்தால் நிமிர்த்த எடை வேண்டும். அதன் போட்டி விதியே இருவருக்கும் சேர்த்துக் குறைந்தது 129 கிலோ கேட்கிறது. உங்கள் இருவர் எடை அதற்குக் குறைவு என்றால், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவை வேண்டுமென்றே கவிழ்த்து, நீங்களே நிமிர்த்த முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மகளை இப்போது உங்கள் படகில் ஏற்ற வேண்டாம். நீங்கள் இருவரும் அந்தப் போத்தலை எட்டு முறை எடுக்கும் நாள் வரட்டும். அதுவரை அவளுக்கு ஆப்டிமிஸ்ட் இருக்கிறது. இரண்டேகால் மீட்டருக்குச் சற்றே கூடுதலான குட்டிப் படகு, பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே செய்தது. பயிற்சி தரும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். அவள் உங்கள் இருவரையும்விடச் சீக்கிரம் கற்றுவிடுவாள்.