விளக்கு ஏன் அணைகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய விடி220 டெர்மினல் (திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட கருவி) ஒன்றை லினக்ஸ் கணினியோடு இணைத்து 'அட்வென்ச்சர்' என்ற குகைக்குள் உலாவும் எழுத்து விளையாட்டை ஆடிவருகிறேன். எல்லா அறையும் ஒன்றுபோலவே இருக்கும் அந்தப் புதிர்ப்பாதையில் நுழைந்தால் வெளியே வர முடியவில்லை. வரைந்த படம் பொருந்துவதில்லை, அதற்குள் விளக்கும் அணைந்துவிடுகிறது. எழுத்துகளாலேயே திரையில் வரைபடம் காட்டும் 'ரோக்' விளையாட்டை ஆடினால் திரை சிதறுகிறது. டெர்மினல் பழுதா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

டெர்மினல்மேல் பழி போட வேண்டாம். 1977இல் டான் வுட்ஸ் விரிவாக்கிய அதிகபட்சம் 350 புள்ளி கொண்ட அட்வென்ச்சரில் விளக்கு 330 நகர்வுகள்தான் எரியும். தொடக்கத்தில் 'விளக்கக் குறிப்பு வேண்டுமா' என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள், 1000 கிடைக்கும். அதற்கு 5 புள்ளி போகும். போகட்டும், பேரம் லாபம்தான். விளக்கு எரியும்போது மட்டுமே கணக்கு ஓடும், ஆகவே வெளிச்சமுள்ள இடங்களில் அணைத்துவிடுங்கள். அணைந்த பிறகு இருட்டில் நடக்காதீர்கள்: ஒவ்வொரு அடிக்கும் 35 சதவீதம் குழியில் விழும் வாய்ப்பு.

படம் பொருந்தாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய அறைக்கே வருவோம் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஆட்டம் சொல்லின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே படிக்கும். அந்தக் காலத்துப் பிடிபி-10 கணினி ஒரே அலகாகக் கையாளும் 36 பிட்டில் ஏழு பிட் எழுத்துகள் ஐந்துதான் அடங்கும், அதன் மிச்சம் இது. 'நார்த்ஈஸ்ட்' என்று முழுதாகத் தட்டினால் அது வெறும் 'நார்த்' ஆகிவிடும். 'என்ஈ' என்றே தட்டுங்கள்.

படத்துக்குப் பதில் அட்டவணை போடுங்கள்: அறைக்கு ஒரு வரிசை, எட்டுத் திசையும் மேல், கீழும் சேர்த்துப் பத்துக் கட்டம். நுழையும் ஒவ்வொரு புது அறையிலும் சாவி, உணவு, கூண்டு என ஏதாவதொன்றைப் போட்டு அடையாளம் வையுங்கள். புதையல் பொருளைப் போடாதீர்கள், கடற்கொள்ளையன் எடுத்துப் போய்விடுவான். கையில் ஏழு பொருளே தாங்கும், ஆகவே இரண்டு மூன்று தவணைகளாகத்தான் முடியும்.

ரோக் வேறு கதை. அட்வென்ச்சர் தாளில் அச்சடிக்கும் டெர்மினலிலும் ஓடும். ரோக்குக்குக் கர்சரை நினைத்த இடத்தில் வைக்கும் திரை வேண்டும். அங்கே அடைப்புக்குறியும் எண்களும் தெரிந்தால் லினக்ஸ் உங்கள் டெர்மினலை வேறொன்றாக எண்ணுகிறது, டெர்மினல் வகையைச் சொல்லும் 'டெர்ம்' என்ற அமைப்பு மாறியில் விடி220 என்று வையுங்கள். எழுத்துகள் விடுபட்டால் வேகம் விநாடிக்கு 9600 பிட்டுக்கு இறங்கட்டும், இரு பக்கமும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் (‘நிறுத்து’, ‘தொடர்’ என்று சொல்லிக்கொள்ளும் முறை) இயங்கட்டும். அந்த வேகத்தில் வரிக்கு 80 எழுத்து, 24 வரி கொண்ட திரை முழுதும் நிரம்ப இரண்டு விநாடி ஆகும். அதனால்தான் ரோக் திரையை வரையப் பயன்படுத்தும் கர்சஸ் என்ற நிரல் நூலகம் மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்புகிறது. ஒன்று தவறினால் பிழை அப்படியே திரையில் நிற்கும். கன்ட்ரோல்-ஆர் தட்டினால் திரை புதிதாக வரையப்படும்.