தைராய்டு மாத்திரையைக் கூட்டினால் உடம்பு இளைக்குமா?

கேள்வி: வயது 34, எடை 78 கிலோ. ஆறு வருடமாகத் தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை, பிசிஓடியும் (சினைப்பை நீர்க்கட்டி) உண்டு. மூன்று மாதத்துக்கு முன் தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 2.8. யூடியூபில் பார்த்துவிட்டு இரண்டு மாதமாக இரண்டு மாத்திரை போடுகிறேன். 2 கிலோ குறைந்தது, ஆனால் படபடப்பு. தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைகோஸை நிறுத்திவிட்டேன். முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறேன். ஐந்து மாதமாகப் பீரியட்ஸ் இல்லை, அது ஒருவகையில் நிம்மதி. தைராய்டு இருக்கிறவரை இளைக்கவே முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். டிஎஸ்ஹெச் 2.8 என்றால் அந்த 75 மைக்ரோகிராம் உங்களுக்குச் சரியாகவே இருந்திருக்கிறது. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலைந்து கிலோதான்; அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். பழியை முழுக்கத் தைராய்டு மேல் போடாதீர்கள்.

இரண்டாவது மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பயந்துபோய் இரண்டையும் விட்டுவிடாதீர்கள், பழைய 75-க்குத் திரும்புங்கள். கரைந்த 2 கிலோவில் தசையும் போயிருக்கும். இப்படியே தொடர்ந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும். வீடியோ போட்டவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு ஈசிஜி எடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டினாலோ, துடிப்பு விட்டுவிட்டு வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும், ஆகவே படபடப்பு அடங்கக் கொஞ்ச நாள் ஆகும். டிஎஸ்ஹெச்சை 6 முதல் 8 வாரம் கழித்துப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது, ‘நிம்மதி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

பிசிஓடியில் பல மாதங்கள் கருமுட்டை வெளிவருவதில்லை. முட்டை வராவிட்டால் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கேட்பாரில்லாமல் கருப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். உடம்பில் கொழுப்பு கூடக்கூட ஈஸ்ட்ரோஜனும் கூடும். உதிர வேண்டிய சவ்வு உதிராமல் வருடக்கணக்கில் தடித்தால் சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் போகலாம். ஐந்து மாதத்தில் அந்த நிலை வந்துவிடாது. ஆனால் மூன்று மாதம் தாண்டினாலே காட்ட வேண்டும், நீங்கள் ஐந்தில் நிற்கிறீர்கள். கூட்டிப் போட்ட தைராய்டு மாத்திரையும் பீரியட்ஸைத் தள்ளிப்போடும் என்பது வேறு.

முதலில் நாளைக் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. ‘எனக்குத்தான் பிசிஓடி ஆச்சே’ என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். கர்ப்பம் என்றால் தைராய்டு மருந்தின் அளவையே மாற்ற வேண்டியிருக்கும். இல்லை என்றால் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஸ்கேனில் சவ்வின் தடிமன், ரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) பார்ப்பார்கள். பிறகு 10 முதல் 14 நாளுக்குப் புரொஜெஸ்டிரான் வகை மாத்திரை தருவார்கள். அது முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் உதிரம் வரும். மெடிக்கலில் ‘பீரியட்ஸ் வர மாத்திரை’ என்று நீங்களே வாங்கிப் போடுகிற வேலை வேண்டாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருவதால் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கலாம். மணிக்கு ஒரு பேடு நனைந்தால் காத்திருக்காதீர்கள்.

முட்டைகோஸை வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது. முடிக்கு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு) பாருங்கள். கூடுதல் தைராய்டு மாத்திரையாலும் கொட்டும். பயோட்டின் தைராய்டு ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

எடைக்கு இப்போதைய இலக்கு 4 கிலோ, மூன்று நான்கு மாதத்தில். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பிசிஓடிக்காரர்கள் பலருக்குப் பீரியட்ஸ் சீராகும். ஐந்து இட்லியை மூன்றாக்கி, கூடவே இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் சோறு ஒரு கப், பருப்பும் காயும் அதைவிட அதிகம். தினம் மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதிலேயே 100 கலோரிக்கு மேல் போகிறது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி வேக நடை. இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சி. இது இல்லாமல் நடை மட்டும் போதாது.

தைராய்டு மாத்திரையைக் காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் போடுங்கள். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தால் இதற்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள்.