ட்ரெயிலருக்கு எந்த ஸ்டிக்கர்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் சாப்பாட்டு ட்ரெயிலர் ஒன்று போட இருக்கிறோம். இரும்புத் தகடு அடித்து பெயின்ட் பண்ணிய பெட்டி. 10 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம். சுற்றிவர ஸ்டிக்கர் ஒட்ட ஒரு கடை சொன்ன விலையைப்போல் மூன்று மடங்கை இன்னொரு கடை சொல்கிறது. இரண்டும் வினைல்தான் என்கிறார்கள். அப்படியென்றால் மலிவானதை எடுத்தால் என்ன?
– வாசகி, உப்புவெளி

பதில்: இரண்டும் வினைல்தான் அம்மா, செய்த விதம்தான் வேறு. மலிவானது பிவிசியைச் சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்து, அழுத்தி இழுத்துத் தாளாக்கியது. இதைக் காலண்டர்ட் என்பார்கள். இழுத்துச் செய்ததால் வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். விலை கூடியது காஸ்ட். அதைக் குழம்பாக ஊற்றி, அடுப்பில் காயவைத்து எடுப்பார்கள். யாரும் இழுக்காததால் அது சுருங்குவது மிகக் குறைவு.

காலண்டர்டிலும் இரண்டு தரம் இருக்கிறது. மோனோமெரிக்கில் தாளை வளையவைக்கும் பிளாஸ்டிசைசர் சிறு மூலக்கூறுகளாக இருக்கும். அது வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பிறகு தாள் சுருங்கி, விறைத்து, கழற்றப்போனால் பழைய அப்பளம்போல் நொறுங்கும். பாலிமெரிக்கில் அதே பொருள் நீண்ட சங்கிலியாக இருப்பதால் நெடுநாள் தங்கும். உங்கள் இரண்டு கடைகளில் ஒன்று மோனோமெரிக்குக்கும் மற்றது காஸ்டுக்கும் விலை சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இருக்கும் பாலிமெரிக்கைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். உங்களுடையது தட்டையான பெட்டி, வளைவு நெளிவு இல்லை. காஸ்டுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை.

கம்பனிப் பெயரை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம், எண்ணையும் கேளுங்கள். ஒரே கம்பனியே எல்லாத் தரத்தையும் செய்கிறது. ஒராகல் 641, 651 இரண்டும் காலண்டர்ட். அதே ஒராகலில் 970 என்பது வாகனம் சுற்றி ஒட்டுவதற்கான காஸ்ட். பிரிண்ட் அடிப்பதற்கு வரும் 3எம் ஐஜே180உம் காஸ்ட்தான். “இது நல்ல தடிப்பு” என்ற பேச்சும் அளவுகோல் ஆகாது. காஸ்ட் 50 மைக்ரோன் அளவில் மெல்லியதாகத்தான் இருக்கும். மலிவான தாள்தான் 80, 100 மைக்ரோன் வரை தடிப்பாக வரும்.

கடைக்காரருக்கும் எண் தெரியாவிட்டால் ஒரு துண்டு வாங்கிச் சோதியுங்கள். 4 அங்குலச் சதுரமாக வெட்டி, நன்றாகத் துடைத்த தகட்டில் ஒட்டி, நடுவில் கூரான பிளேடால் சிலுவை கீறிவிட்டு, வெயிலில் ஒரு கிழமை விடுங்கள். கீறல் மயிரிழையாகவே இருந்தால் நல்லது. வாய் திறந்து கீழே தகடு தெரிந்தால், சுருங்குகிற தாள் அது. ட்ரெயிலரில் அந்த இடைவெளி நான்கு ஓரங்களிலும் வரும்.

கம்பனி தரும் தரவுத்தாளில் (விவரக் குறிப்பில்) 5 ஆண்டு, 7 ஆண்டு என்று போட்டிருப்பது பெரும்பாலும் மத்திய ஐரோப்பிய வெயிலில், செங்குத்தாக நிற்கும் பரப்புக்கான கணக்கு. திருகோணமலை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அதில் பாதியை எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். விலையை ஒப்பிடும்போது தாள் விலையோடு ஒட்டுக்கூலி, பிறகு கழற்றுகிற கூலி எல்லாவற்றையும் கூட்டி, அந்த ஆண்டுகளால் வகுங்கள். மூன்றிலொரு பங்கு விலைத் தாள் அந்தக் கணக்கில் மலிவாக வருவது அரிது.

உண்மையில் காசு மிச்சமாகிற இடம் அளவு. ரோலின் அகலம் 1.52 மீற்றர், அதாவது 60 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் பெட்டி 72 அங்குல உயரம். தாளை மேலிருந்து கீழாக நிறுத்தி ஒட்டினால் நீளப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் மூன்று துண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டிரண்டும் வேண்டும். ஓரம் வெட்ட 4 அங்குலம் சேர்த்து, ஒரு துண்டு 6 அடி 4 அங்குலமாக 10 துண்டுக்கு 19 மீற்றருக்கு மேல் போகும். அதையே அடியில் 14 அங்குலத்தை பெயின்டாகவே விட்டுவிட்டு மேலே 58 அங்குலத்துக்கு மட்டும் படுக்கையாக ஒட்டினால், ஒவ்வொரு பக்கமும் ஒரே துண்டு. மொத்தம் 10.2 மீற்றர், பிழைபோனால் மாற்ற ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடச் சேர்த்து 11.5 வாங்கினால் போதும். கல்லும் சேறும் அடிப்பதும் அந்த அடிப்பட்டையில்தான், அங்கே ஸ்டிக்கர் எப்படியும் நிற்காது. முழு உயரமும் வேண்டுமென்று நின்றால், அடிப்பட்டைக்குத் தனித் துண்டு வெட்டி, மேல்தாள் கீழ்த்தாளின்மேல் அரை அங்குலம் ஏறும்படி ஒட்டுங்கள். அதற்கு 13.3 மீற்றர். யன்னல் வெட்டுகிற இடத்தைக் கணக்கில் கழிக்க வேண்டாம். தாள் முழுசாகப் போட்டுத்தான் வெட்டுவார்கள்.

படம் அடிப்பதென்றால் அதன்மேல் லமினேட் என்னும் தெளிவான காப்புத்தாள் கட்டாயம். பாலிமெரிக் தாளுக்கு பாலிமெரிக் லமினேட், காஸ்டுக்கு காஸ்ட். மாறிப் போட்டால் ஒன்று சுருங்க மற்றது சுருங்காமல் ஓரம் சுருளும். சொல்வென்ட் மை அடித்த தாளைக் குறைந்தது 24 மணி நேரம் விரித்துக் காயவிட்டபிறகே லமினேட் போட வேண்டும். “காலையில் அடித்துப் பின்னேரம் தருகிறேன்” என்று சொல்லும் கடையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நிறத்தில் வெள்ளையும் கறுப்பும்தான் வெயிலுக்கு அதிகம் தாங்கும். ஆனால் கறுப்பு உள்ளே நிற்பவரை அவித்துவிடும். சிவப்பும் ஒளிர் நிறங்களும் முதலில் வெளிறும்.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து மீன் ஏற்றும் ட்ரெயிலர். அலுமினியத் தகடு, சுற்றிவர ரிவெட். பழைய அலுமினியத்தில் ஸ்டிக்கர் பிடிக்குமா? ரிவெட்டுக்கு மேலால் ஒட்டலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: பிடிக்கும், தகட்டைத் தயார் பண்ணினால். பழைய அலுமினியத்தில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையில் சாம்பல் நிறத் தூள் ஒட்டினால் அது ஒக்சைட். அதன்மேல் ஒட்டுகிற பசை தூளைப் பிடிக்குமே தவிரத் தகட்டைப் பிடிக்காது. சலவைத்தூள் தண்ணீரும் பச்சைத் தேய்ப்பானும் கொண்டு, துணியில் கறை வருவது நிற்கும்வரை தேயுங்கள். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். கடற்கரைக் கிணற்றின் சவர்த் தண்ணீர் காய்ந்தால் திரும்ப உப்புத்தான் படியும். மீன் எண்ணெய் சவர்க்காரத்துக்கு முழுதாகப் போகாது. கடைசியில் பாமசியில் விற்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காயுமுன் மற்றக் கையிலுள்ள உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் மறுபடி படியும். ரிவெட் தலைகளைச் சுற்றிப் பழைய பல்தூரிகையால் தேய்க்காவிட்டால் முதலில் கிளம்புவது அங்கேதான்.

ரிவெட்டுக்கு மேலால் ஒட்டுவதென்றால் காஸ்ட் மட்டும். முதலில் தாளை ரிவெட்டுக்கு மேலே கூடாரம்போல் விட்டு, சுற்றியுள்ள தட்டையை இழுத்து ஒட்டுங்கள். ரிவெட் அடியில் ஊசியால் இரண்டு துளை. ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) காட்டியதும் கூடாரம் தளர்ந்து பளபளக்கும். அந்த நொடியில் வட்டத் தூரிகையால் மேலிருந்து சுழற்றி அழுத்துங்கள். முடிந்தபிறகு ஒவ்வொரு ரிவெட்டையும் மறுபடி 95 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். இழுபட்ட தாளின் திரும்பும் குணம் அப்போதுதான் போகும். கையால் தொட்டு இதை மட்டிட முடியாது, தொடாமலே சூட்டை அளக்கும் கதிர்வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாவியுங்கள். இந்தக் கடைசிச் சூட்டை விட்டுவிட்டால் ஒரு மாதத்துக்குள் ரிவெட்டைச் சுற்றி வெள்ளை வளையம்போல் தாள் எழும்பும்.

காசு காணாதென்றால் தட்டை நடுப்பகுதிக்கு மட்டும் பாலிமெரிக் போட்டு, ரிவெட் வரிசைக்கு அரை அங்குலம் உள்ளேயே நேராக வெட்டி நிறுத்துங்கள். அலுமினியக் கரை சட்டம்போட்ட மாதிரி அழகாகவும் இருக்கும். மீன் ட்ரெயிலருக்கு எங்கள் தெரிவு இதுதான். நாளாந்தம் கழுவுகிற வண்டி. தண்ணீர்ப் பம்பின் முனையை ஓர் அடிக்குக் கிட்டக் கொண்டுபோகாமல், நேராகப் பிடித்து அடியுங்கள். ஓரத்தில் சரிவாக அடித்தால் எந்தத் தாளும் உரியும்.

கேள்வி: கூரைக்கும் சேர்த்து ஒட்டினால் சூடு குறையுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: கூரைக்கு வேண்டாம். படுக்கையான பரப்பில் வெயில் நேராக விழும், மழைத்தண்ணீர் தேங்கும். பக்கத்தில் நிற்கும் அளவு காலம் அங்கே நிற்காது, கம்பனிகளும் படுக்கைப் பரப்புக்குத் தரும் உத்தரவாதம் மிகக் குறைவு. வெள்ளை பெயின்ட் அடியுங்கள். சூடும் குறையும், அடுத்த முறை அதன்மேலேயே அடிக்கலாம்.

கேள்வி: ஒட்டி நான்கு மாதம்தான். மூலைகள் சுருண்டுவிட்டன, ஓரங்களில் கறுப்புக் கோடு, நடுவில் சின்னச் சின்னக் கொப்புளம். ஒட்டியவர் வெயிலைக் குறைசொல்கிறார். யாரில் பிழை?
– வாசகர், மூதூர்

பதில்: நீங்கள் எழுதியவை மூன்றும் மூன்று வேறு நோய்.

ஓரத்துக் கறுப்புக் கோடு தாள் சுருங்கியதால் வந்தது. தாள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் உள்ளே போக, வெளியே விடப்பட்ட பசையில் தூசி ஒட்டிக் கோடாகியிருக்கிறது. தாளின் தரம்தான் காரணம்.

மூலை சுருள்வதற்கு, தாள் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பொருத்துகளுக்குப் பூசிய சிலிக்கன்மேல் ஏறியிருந்தால் எந்தப் பசையும் அதில் நிற்காது. சிலிக்கனுக்கு 3 மில்லிமீற்றர் முன்பே வெட்டியிருக்க வேண்டும். இப்போதும் அப்படி வெட்டிவிடலாம். சிலிக்கன் இல்லாத மூலையும் லமினேட்டோடு சேர்ந்து சுருண்டு, பசை கையில் பிசுபிசுத்தால், மை காயுமுன் லமினேட் போட்டிருக்கிறார்கள். அதற்கு மருந்தில்லை, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

கொப்புளம் பெரும்பாலும் பெயின்டிலிருந்து வருகிறது. புதிதாக அடித்த பெயின்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளிருந்து தின்னர் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். சாதாரண எனமலுக்கு ஒரு மாதமாவது விடுவது நல்லது. நகத்தால் அழுத்தித் தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம், ஆனால் பெயின்ட் முழுதாகக் காயும்வரை புதிது புதிதாக வரும்.

வெயிலில் பிழை இருக்கத்தான் செய்கிறது, ஒட்டிய நேரத்தில். மதியத் தகட்டில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துவிடும், இழுத்துச் சரிபண்ண இழுபட்டு, பிறகு திரும்பும். தகட்டில் உள்ளங்கையை வைத்து ஆறுதலாக எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன் அல்லது நிழற்கொட்டிலில். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியில் ஒட்டவே வேண்டாம், பசையில் மணல் ஏறினால் ஒவ்வொரு மணலும் ஒரு கொப்புளம். வாடைக்கால மழையில் தகட்டுப் பொருத்துகளுக்குள் ஈரம் நிற்கும். பங்குனி, சித்திரைதான் வசதியான காலம்.

அடுத்த முறை ஒட்டும்போது பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னுக்கு வரச் சொல்லுங்கள். முன்துண்டு பின்துண்டின்மேல் ஏறி நின்றால், ஓடும்போது காற்று மூட்டுக்குள் நுழையாது. சிறிய வேலை, கூலி அதிகமாகாது, ஆனால் கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை.

கேள்வி: பழைய ஸ்டிக்கரைக் கழற்றினால் பெயின்டும் சேர்ந்து வருமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: கம்பனி பெயின்டில் வருவது குறைவு, ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாமல் அடித்ததில் வரும். ஸ்டிக்கர் இல்லாத மூலையொன்றில் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் அதில் ஒட்டி வந்தால் ஸ்டிக்கரோடும் வரும், திரும்ப பெயின்ட் அடிக்கிற காசையும் இப்போதே ஒதுக்கிவையுங்கள். வராவிட்டால் ஹீட் கன்னால் 60 பாகை அளவுக்குச் சூடாக்கி, ஒரு மூலையைக் கிளப்பி, தகட்டோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து மெல்ல இழுங்கள். உயர்த்தி இழுத்தால் பசை தகட்டில் தங்கிவிடும். தங்கியதற்கு மண்ணெண்ணெய் தடவி 5 நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். புதிதாக ஒட்டுவதென்றால் அந்த எண்ணெய் மணம் போகும்வரை சவர்க்காரத்தால் இரண்டு முறை கழுவி, பிறகு அல்கஹோல் துடைப்பு.