அமியோடரோனால் குறைந்த தைராய்டுக்கு அமுக்கராவும் காஞ்சனார குக்குலுவும் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67, பெங்களூரில் எங்களோடு இருக்கிறார். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்ததால் ஒன்றரை வருடமாக அமியோடரோன் 200 மில்லிகிராம் சாப்பிடுகிறார். இப்போது டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) 18 காட்டுகிறது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான எல்ட்ராக்சின் 25 எழுதியிருக்கிறார்கள். "இங்கிலீஷ் மருந்து கெடுத்த தைராய்டை அசுவகந்தா (அமுக்கரா) கேப்சூலும் காஞ்சனார குக்குலுவும் சரி பண்ணிவிடும்" என்கிறார் சிவாஜிநகர் நாட்டு மருந்துக் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: அமியோடரோன் போய்க்கொண்டிருக்கும்வரை இரண்டுமே வேண்டாம். மூலிகை வேலை செய்யாது என்று சொல்லவில்லை. வேலை செய்துவிட்டால்தான் உங்கள் அப்பாவுக்குச் சிக்கல்.

முதலில் தைராய்டுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். ஒரு 200 மில்லிகிராம் அமியோடரோன் மாத்திரையில் ஏறக்குறைய 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதிலிருந்து தினமும் 6, 7 மில்லிகிராம் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. ஒரு ஆளுக்கு நாள் ஒன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். அதாவது நாற்பது மடங்குக்கும் மேல். இவ்வளவு அயோடின் வந்து விழுந்தால் சுரப்பி தற்காப்பாக உற்பத்தியை நிறுத்திவிடும். நல்ல சுரப்பி சில நாளில் பழகிக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கும். ஏற்கெனவே டி.பி.ஓ. எதிர்ப்பொருள் (உடலே தன் தைராய்டுக்கு எதிராக உண்டாக்குவது) உள்ளவர்களின் சுரப்பி அப்படியே படுத்துவிடும். மருந்தை நிறுத்தினாலும் அது கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் கசியும். எதிர்ப்பொருள் இல்லாதவர்களில் பலருக்குச் சில மாதங்களில் சுரப்பி தானாகவே தேறும். அந்த நேரத்தில் ஏதாவது கஷாயம் குடித்துக்கொண்டிருந்தால் பேர் கஷாயத்துக்குப் போய்விடும்.

"மருந்து கெடுத்த தைராய்டை மூலிகை மீட்டது" என்று பாட்டில் லேபிளில் போடுகிறார்களே, அதன் பின்னால் இருப்பவை பெரும்பாலும் எலிச் சோதனைகள். எலிக்குப் புரோப்பைல்தயோயுராசில் கொடுத்து ஹார்மோனைக் குறைத்து, கூடவே மூலிகைச் சாறு கொடுத்து அளந்து பார்ப்பார்கள். அந்த மருந்து ஹார்மோன் செய்யும் நொதியைப் பூட்டுகிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் பூட்டு திறந்துவிடும். அயோடின் குவிந்து படுத்த சுரப்பியும் அதுவும் ஒன்றில்லை. மனிதர்களில் அமுக்கராவுக்கு 2018-இல் ஒரு சிறிய சோதனை வந்தது: லேசாக டி.எஸ்.எச். ஏறியிருந்த 50 பேர், தினம் 600 மில்லிகிராம் வேர்ச்சாறு, 8 வாரம். டி.எஸ்.எச். இறங்கியது உண்மைதான். ஆனால் அது மருந்தால் கெட்ட தைராய்டைப் பற்றிய சோதனை இல்லை.

இப்போது அப்பாவுக்கு வருவோம். அமுக்கரா சாப்பிட்டுத் தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறி ஏறியவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு ஹார்மோன் ஏறினால் அடக்கி வைத்த துடிப்பு திரும்ப வரும். அமியோடரோனே கொஞ்சம் படபடப்பை மறைப்பதால் முதல் அறிகுறியும் தெரியாமல் போகும். எடை குறைவது, கை நடுக்கம் போன்றவற்றில்தான் பிடிபடும். இன்னொரு குழப்பம்: அமியோடரோன் சிலருக்குத் தைராய்டைக் குறைக்கும், சிலருக்கு எதிர்த்திசையில் தூக்கிவிடும். தூக்குவதிலும் இரண்டு வகை. அயோடின் மிகுதியால் உற்பத்தி கூடினால் மருந்து கார்பிமசோல், சுரப்பித் திசு சிதைந்து ஹார்மோன் கொட்டினால் ஸ்டீராய்டு. நாளை டி.எஸ்.எச். 0.1-க்கு இறங்கினால் காரணம் எல்ட்ராக்சினா, அமுக்கராவா, அமியோடரோனா? மூன்றும் உள்ளே இருக்கும்போது எந்த எண்டோகிரைன் டாக்டராலும் சட்டென்று சொல்ல முடியாது. அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறார் என்றால் ஹார்மோன் ஏற ஏற ரத்தமும் அதிகமாக நீர்க்கும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) எகிறும். அமுக்கராவால் கல்லீரல் பாதித்த பதிவுகளும் உண்டு, அமியோடரோனுக்கே எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பரிசோதனை) பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையில் அது இரண்டாவது சுமை.

காஞ்சனார குக்குலுவில் மந்தாரைப் பட்டை மட்டும் இல்லை. திரிபலா, திரிகடுகம், மாவிலங்கப் பட்டை எல்லாம் சேர்த்துக் குக்குலுப் பிசினில் உருட்டுவார்கள். குக்குலு சேர்ந்தால் புரோப்ரனலால், டில்டியாசெம் என்ற இதய மருந்துகள் இரண்டும் ரத்தத்தில் குறைவாகவே சேர்வது சோதனையில் தெரிந்திருக்கிறது. திரிகடுகத்தில் உள்ள மிளகோ புரோப்ரனலாலை அதிகமாகச் சேர்க்கிறது. ஒரே உருண்டைக்குள் ஒன்று இழுக்கிறது, ஒன்று தள்ளுகிறது. இதய மாத்திரைகளோடு போட்டுப் பார்க்கும் விஷயமா இது?

கடைக்காரர் சொல்லாத, வீட்டிலேயே இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அதிமதுரம். இருமலுக்கு வாயில் அடக்குவோமே, அதுதான். தினமும் சேர்ந்தால் பொட்டாசியத்தை இறக்கும். அமியோடரோனோடு பொட்டாசியமும் குறைந்தால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். உங்கள் வீட்டில் நான் முதலில் அஞ்சறைப் பெட்டியைத்தான் பார்ப்பேன். கடற்பாசிப் பொடி, கெல்ப் மாத்திரையும் கூடாது. அதில் இருப்பது அயோடின். அயோடின் உப்பையும் முட்டைக்கோஸையும் நிறுத்தத் தேவையில்லை. மாத்திரையிலிருந்து வருவதோடு பார்த்தால் உப்பில் வருவது தூசு.

இப்போதைக்குப் பலன் தரப்போவது எல்ட்ராக்சின்தான், அதை ஒழுங்காகச் சாப்பிட்டால். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். ஃபில்டர் காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாத்திரையைக் காபியோடு விழுங்கிவிட்டு "டோஸ் பத்தவில்லை" என்று சொல்லும் வீடுகள் ஏராளம். சித்த மருந்து ஏதாவது போகிறதா என்றும் பாருங்கள். அயச் செந்தூரம், அன்னபேதி செந்தூரம் இரண்டும் இரும்பு. சங்கு பற்பம், பவழ பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாம் சுண்ணாம்புச் சத்து. இரண்டுமே குடலில் எல்ட்ராக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் குடிப்பவர் என்றால் அதை இரவுக்குத் தள்ளுங்கள். இதய நோயாளி என்பதால்தான் 25-இல் ஆரம்பித்திருக்கிறார்கள். 6 வாரம் கழித்து டி.எஸ்.எச்., எஃப்.டி.4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) பார்த்து ஏற்றுவார்கள். அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்குக் கடைசியில் மற்றவர்களைவிடக் கூடுதல் டோஸ் தேவைப்படலாம். அவசரப்பட்டு நீங்களே ஏற்ற வேண்டாம். தைராய்டுக்குப் பயந்து அமியோடரோனை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதய டாக்டர் அவசியம் என்று சொன்னால், எல்ட்ராக்சின் கொடுத்துக்கொண்டே அதைத் தொடரலாம்.

ரத்தம் கொடுக்கும் முன் ஒரு விஷயம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் 5 அல்லது 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டால், பல லேப் இயந்திரங்களில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் எஃப்.டி.4 பொய்யாக ஏறியும் காட்டும். தைராய்டு மிகைபோலவே இருக்கும். "மூலிகை" என்று விற்கும் முடி மாத்திரைகளிலும் பயோட்டின் கலந்திருக்கலாம், லேபிளைப் படியுங்கள். மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகலாம்.

இதைப் படிக்கிறவர்களில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் லித்தியம் (மனநிலைக் கோளாறுக்கான மருந்து) வாங்குகிறவர்களும் இருப்பீர்கள். லித்தியம் ஹார்மோனைச் சுரப்பியிலிருந்து வெளியே விடாமல் தடுக்கும். 6 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பாருங்கள். உங்களுக்கு அமுக்கராவைவிட மூக்கிரட்டை, நெருஞ்சில் போன்ற நீர்பிரிக்கும் மூலிகைகள்தான் பெரிய பயம். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் தேங்கும். கை நடுக்கம், பேதி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைக் கூப்பிட்டு லித்தியம் அளவு பார்க்க வேண்டும்.

அப்பா ஏற்கெனவே கேப்சூல் சாப்பிட ஆரம்பித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி இரண்டையும் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதுங்கள். டி.எஸ்.எச்., எஃப்.டி.4, எஃப்.டி.3, எஸ்.ஜி.பி.டி., பொட்டாசியம் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டோடு பாட்டிலையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள், குப்பையில் போடாதீர்கள். காரணம் இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் "தைராய்டு சப்போர்ட்" என்று விற்ற 10 சப்ளிமென்ட்டுகளைச் சோதித்தபோது 9-இல் டி3 என்ற தைராய்டு ஹார்மோனே இருந்தது. கே.ஆர். மார்க்கெட் பக்கத்துக் கடையில் தாளில் மடித்துத் தரும் பொடிக்கு லேபிளும் கிடையாது, பேட்ச் எண்ணும் கிடையாது. பாட்டில் இருந்தால் பேட்ச் எண்ணைச் சொல்லிப் பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம்.