கேமரா கேள்வி–பதில்: பிலிமுக்கு வருகிறவர்கள் லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

நிக்கான் டி5600 வைத்திருக்கிறேன். கிட்டில் வந்த 18-55 லென்ஸும், 50 எம்.எம். எஃப்/1.8ஜி லென்ஸும் இருக்கின்றன. பிலிமில் எடுத்துப் பழக ஆசை. விசாரித்தால் எல்லோரும் ‘நிக்கான் எஃப்.எம்.2 பிலிம் கேமரா வாங்கு’ என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

எஃப்.எம்.2 அருமையான கேமரா, அதில் சந்தேகமே இல்லை. 1982இல் வந்தது. ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுவதால், பேட்டரி தீர்ந்தால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும்தான் நிற்கும், படம் எடுக்கலாம். ஆனால் உங்களிடம் இருக்கும் இரண்டு லென்ஸும் அதற்கு ஒத்துவராது. ஜி வகை லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தை, மாற்றும் வளையமே கிடையாது. எஃப்.எம்.2வில் மாட்டினால் அந்த 50 எம்.எம். எப்போதும் மிகச் சிறிய துவாரமான எஃப்/16இலேயே எடுக்கும். 18-55 சின்ன சென்சாருக்காகச் செய்தது. பிலிமில் நான்கு மூலையும் கறுத்துவிடும். அது பெயரில் ஏ.எஃப்-பி என்று இருக்கும் புது வகையாக இருந்தால் பிலிம் பாடியில் ஃபோகஸே செய்ய முடியாது.

உங்களுக்கு எங்கள் பரிந்துரை எஃப்80 என்ற நிக்கான் பிலிம் கேமரா. 50 எம்.எம். ஜி லென்ஸ் அதில் ஆட்டோஃபோகஸ், மீட்டர் எல்லாவற்றுடனும் வேலை செய்யும். லென்ஸுக்கென்று தனியாக ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். இரண்டு சி.ஆர்.123ஏ பேட்டரி போதும். பல எஃப்80களின் பின்மூடி ரப்பர் நாளாகி பிசுபிசுவென்று ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். அதற்காக நல்ல பாடியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இன்னொன்று, அந்த 50 எம்.எம். உங்கள் டி5600இல் 75 எம்.எம். போலத் தெரிந்திருக்கும். பிலிமில் அது உண்மையான 50. முகம் எடுக்கும்போது இன்னும் ஓரடி நெருங்க வேண்டும்.

கையால் ஃபோகஸ் செய்து, லீவரைத் தள்ளி எடுப்பதில்தான் ஆசை என்றால், அப்பர்ச்சர் வளையம் உள்ள 50 எம்.எம். எஃப்/1.8டி லென்ஸைப் பழையதில் வாங்கிக்கொண்டு எஃப்.எம்.2வுக்கோ எஃப்.எம்.10க்கோ போங்கள். எஃப்.எம்.10 கொசினா நிறுவனம் நிக்கானுக்காகச் செய்தது, பிளாஸ்டிக் உடம்பு, அதிகபட்ச வேகம் 1/2000. ஆனாலும் வயது குறைவு, விலையும் குறைவு. அந்த டி லென்ஸ் டி5600இலும் மாட்டும். ஃபோகஸ் மட்டும் கையால் செய்ய வேண்டும்.

கேனான்காரர்களும் இதே கேள்வி கேட்டிருக்கிறார்கள். கேனானின் இ.எஃப். வகை லென்ஸ்கள் 1987க்குப் பிறகு வந்த எல்லா இ.ஓ.எஸ். வரிசை பிலிம் பாடிகளிலும் முழுதாக வேலை செய்யும். சின்ன சென்சாருக்கான இ.எஃப்-எஸ் மாட்டாது. இ.ஓ.எஸ். 300 மலிவான நல்ல தொடக்கம். ரோலை முதலிலேயே முழுக்க வெளியே சுற்றிவிட்டு, எடுக்க எடுக்கப் படங்களை டப்பாவுக்குள் இழுத்துக்கொள்ளும். தவறிப்போய் மூடியைத் திறந்தாலும் எடுத்த படங்கள் பெரும்பாலும் தப்பிக்கும். 600 வரிசை போன்ற ஆரம்பகால இ.ஓ.எஸ். பாடிகளில் ஷட்டர் தகடுகளை உற்றுப் பாருங்கள். தார் போன்ற கறுப்புப் பிசின் ஒட்டியிருந்தால் உள்ளே ரப்பர் கரைந்துவிட்டது என்று அர்த்தம். வாங்காதீர்கள்.

என்னுடையது சோனி மிரர்லெஸ். இந்த லென்ஸ்களைப் பிலிம் கேமராவில் போட அடாப்டர் உண்டா?
– வாசகி, மதுரை

கிடையாது. சோனி இ-மவுண்டில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் இடையே 18 எம்.எம். தூரம்தான். நிக்கான் எஃப்-மவுண்டில் அது 46.5 எம்.எம். உள்ளே கண்ணாடி ஆடுவதற்கு அந்த இடம் வேண்டும். ஆனால் பழைய லென்ஸை உங்கள் சோனியில் மாட்ட சாதாரண அடாப்டரே போதும். அதனால் நீங்கள் எந்த மவுண்டையும் தேர்ந்தெடுக்கலாம். பென்டாக்ஸ் கே1000, 50 எம்.எம். லென்ஸோடு நல்ல நிலையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் இரண்டு கேமராவுக்கும் உதவும். கே1000இல் மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது. வேலை முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போடாவிட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

பழைய கேமராவைக் கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், கோவை

மாடல் பெயரைவிட இதுதான் முக்கியம். பேர் பெற்ற கேமரா கெட்ட நிலையில் இருந்தால் காசுக்குக் கேடு. சாதாரண கேமரா நல்ல நிலையில் இருந்தால் பல ஆண்டு உழைக்கும். போகும்போது புது பேட்டரி, டார்ச், வீணான ஒரு ரோல், உங்கள் டிஜிட்டல் கேமரா நான்கையும் எடுத்துப் போங்கள்.

முதலில் பேட்டரி அறை. பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. தொடுதகட்டோடு நின்றிருந்தால் சுரண்டிச் சரிசெய்யலாம். ஒயர் வழியாக உள்ளே ஏறியிருந்தால் செலவு வைக்கும்.

பின்மூடியைத் திறந்து ஓரத்துப் பள்ளங்களில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சை நகத்தால் லேசாகத் தொடுங்கள். விரலில் மையாக ஒட்டினால் அல்லது உதிர்ந்தால் வெளிச்சம் கசியும். இதை மாற்றுவது எளிது, பயப்பட வேண்டாம். விலையைக் குறைத்துப் பேசக் காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸைக் கழற்றி, கண்ணாடி மேலே இடிக்கும் இடத்து ஸ்பாஞ்சையும் பாருங்கள். ஷட்டர் திரையை மட்டும் விரலால் தொடவே கூடாது.

அடுத்து ஷட்டர். மூடி திறந்தபடியே, லென்ஸைக் கழற்றிவிட்டு, விளக்கை நோக்கிப் பிடித்து ஒவ்வொரு வேகத்திலும் அழுத்துங்கள். 1 நொடியில் இழுத்துப் பறித்தால் அல்லது சிக்கினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. நடுத்தர வேகங்களுக்கு போனில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். 1/30இல் வெளிச்சம் சுமார் 8 ஃப்ரேமுக்குத் தெரிய வேண்டும். அதைவிட வேகமானவற்றைக் கண்ணால் அளக்க முடியாது. ஒரு ரோல் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். கேனான் ஏ.இ-1 என்றால் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். அழுத்தும்போது ‘கீச்’ என்று இருமல் போலச் சத்தம் வந்தால் கண்ணாடியை இயக்கும் பகுதி வறண்டிருக்கிறது. அதற்கு எண்ணெய் விடும் மெக்கானிக் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஏ.இ-1இல் பேட்டரி இல்லாமல் ஷட்டரே ஓடாது, அதனால் பேட்டரி போடாமல் ‘ரிப்பேர்’ என்று விற்பவர்களும் உண்டு.

மீட்டருக்கு: வெறும் சுவர் ஒன்றை, இரண்டு கேமராவையும் ஐ.எஸ்.ஓ. 400இல் வைத்து, ஒரே அப்பர்ச்சரில் அளந்து பாருங்கள். அரை ஸ்டாப் வித்தியாசம் பரவாயில்லை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி). எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு தவறினால்கூட ஐ.எஸ்.ஓ. டயலை மாற்றி வைத்துச் சமாளிக்கலாம். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று மாறி மாறித் தவறினால் அந்த மீட்டரை நம்பாதீர்கள்.

கடைசியாக லென்ஸ். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, சற்றுச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ். நம் கடலோர ஊர்களில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ்களில் இது சர்வ சாதாரணம். தூசிக்குப் பயப்படாதீர்கள், ஃபங்கஸுக்குப் பயப்படுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அவை தாமதமாக மூடும், படம் வெளுக்கும். பிறகு அந்த வீணான ரோலைப் போட்டு முழுக்க ஓட்டி, ரீவைண்ட் செய்து பாருங்கள். செல்ஃப் டைமரை மட்டும் தொடாதீர்கள். சில கேமராக்களில் அது பாதியில் நின்று ஷட்டரையும் பூட்டிவிடும்.

டிஜிட்டலில் வானம் வெளுக்காமல் இருக்க ஒரு ஸ்டாப் குறைத்தே எடுப்பேன். பிலிமிலும் அப்படித்தானா?
– வாசகர், சென்னை

நேர் எதிர். கலர் நெகட்டிவில் நிழலுக்குப் போதிய வெளிச்சம் சேராவிட்டால் அங்கே ஒன்றுமே பதியாது. ஸ்கேனில் இழுத்தால் சேறு போல வரும். கூடுதல் வெளிச்சத்தை அது ஓரிரு ஸ்டாப் தாங்கும். கோடாக் கோல்ட் 200 போட்டால் ஐ.எஸ்.ஓ. டயலை 100இல் வைத்து, நிழல் பகுதியை அளந்து எடுங்கள். நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே தெரியும் ஸ்லைடு பிலிமுக்கு மட்டும் உங்கள் டிஜிட்டல் பழக்கம் பொருந்தும்.

ரோலைத் தேர்ந்தெடுக்கும்போது ஷட்டரின் உச்ச வேகத்தையும் கணக்கில் வையுங்கள். உச்சி வெயிலில் 200 ரோலுக்கு எஃப்/16இல் 1/200 என்பது கணக்கு. எஃப்/8க்குத் திறந்தாலே 1/800. 1/1000 வரை மட்டுமே உள்ள கேமராவில் அதற்கு மேல் திறக்க வழியில்லை. பின்னணி மங்கிய உருவப்படம் வேண்டுமானால் நிழலுக்கு வாருங்கள். அதே சமயம் கோயில் பிரகாரத்தில் 400 ரோலும் எஃப்/1.8ம் இருந்தால்கூட 1/30க்கு இறங்க வேண்டி வரலாம். ரோலின் நடுவில் ஐ.எஸ்.ஓ. மாற்ற முடியாது என்பதை எங்கே எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யும்போதே நினைவில் வையுங்கள்.

முதல் ரோலைக் கழுவக் கொடுத்தேன். முழுக்க வெறுமையாக வந்தது. லேப்பின் தவறா, என் தவறா?
– வாசகி, சேலம்

நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். பிலிமின் பெயரும் படஎண்களும் தெளிவாக இருந்தால் கழுவியது சரி; பிலிம் நகரவே இல்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்தும் இல்லையென்றால் கழுவியதில் கோளாறு. எச்.பி.5 போன்ற கருப்பு வெள்ளை ரோலைக் கலர் மெஷினில் விட்டாலும் இப்படித்தான், வெள்ளி முழுக்கக் கரைந்து வெறும் பிலிம் வரும்.

பெரும்பாலும் நடப்பது பிலிம் நகராததுதான். பிலிமின் முனையில் இருக்கும் நாக்கைச் சுருளில் செருகி, மூடும் முன் ஒருமுறை லீவரைத் தள்ளி, இரு பக்கப் பற்களும் துளைகளில் பிடிக்கின்றனவா பாருங்கள். மூடியபின் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றித் தளர்வை எடுங்கள். பிறகு ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் அந்தக் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பிலிம் நகரவில்லை. எண்காட்டி 36 காட்டினாலும் நம்பாதீர்கள்.

தாத்தாவின் பீரோவில் யாஷிகா எலெக்ட்ரோ 35ம், ‘இந்து’ கருப்பு வெள்ளை ரோல் ஒன்றும் கிடைத்தன. இரண்டையும் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஊட்டி

கேமராவுக்கு வேண்டிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது. 6 வோல்ட் 4எல்.ஆர்.44ஐ அடாப்டர் குழாயில் வைத்துப் போடலாம். பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் எப்போதும் 1/500இல்தான் அடிக்கும். லீவரைத் தள்ளும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் சின்ன ரப்பர் துண்டு கரைந்திருக்கிறது. அதை மாற்றாமல் எடுத்தால் வெளிச்ச அளவு சரியாக இருக்காது.

‘இந்து’ உங்கள் ஊர் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. நாக்கு வெளியே நீட்டியிருந்தால் இன்னும் எடுக்காத ரோல். இரண்டு மூன்று ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுத்துச் சோதனையாக எடுங்கள், புகைமூட்டம் இருக்கும். நாக்கு உள்ளே சுருண்டிருந்தால் தாத்தா எடுத்து முடித்த ரோலாக இருக்கலாம். அதைத் திறக்காமல், கருப்பு வெள்ளையைக் கையால் கழுவும் லேப்பிடம், எவ்வளவு பழையது என்று எழுதிக் கொடுங்கள்.